பட்டியலில் பதினாலாவது

வேங்கிக்கால் பொதுப்பணித்துறை அலுவலகத்துக்கு உதவிப் பொறியாளர் கவியாவைத் தேடி இராமலிங்கம் வந்தது அது நான்காவது முறை.

"இந்த வருஷம் அஞ்சு பள்ளிக்குத்தான் புதுக் கட்டடம் ஒதுக்கியிருக்காங்க. ரொம்ப மோசமானதுக்குத்தான் முதல்ல. நீங்க சொல்ற பள்ளி பட்டியல்ல பதினாலாவது. ஒரு விரிசல்கூட இல்லீங்க" என்றாள் கவியா.

"அதை முதல்ல போடுங்க மேடம்."

பெரியவர் பேரப்பிள்ளைக்காக அலைகிறார் என்று நினைத்தாள். "உங்க வீட்டுப் பிள்ளைங்க அங்க படிக்குதா?"

"அந்த ஊர்ல எனக்கு யாருமில்ல. நடு வகுப்பறை உத்தரத்தைக் கொஞ்சம் உடைச்சுப் பாருங்க. பிளான்ல எட்டுக் கம்பி. உள்ள அஞ்சுதான் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டின கான்ட்ராக்டர் நான்தான். முன்ன மூணு தடவையும் இதைச் சொல்லத்தான் வந்தேன். வாய் வரல."

கவியா குரலைத் தணித்தாள். "எழுத்துல குடுத்தாதான் பட்டியலை மாத்த முடியும். ஆனா உங்க மேல கேஸ் வரும்ங்க."

இராமலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"கேஸ் வரப்ப வரட்டும் மேடம். இன்னிக்கே அந்த ரூம்ல இருந்து பிள்ளைங்களை வெளிய அனுப்பச் சொல்லுங்க."

கவியா முதலில் பள்ளிக்குப் போன் போட்டாள். பிறகு எழுந்து வந்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.