இரண்டாவது கிளாஸ்

சரியாகப் பத்தே முக்காலுக்குப் பாட்டில் கை நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்தது செனின். மேஜையில் மிச்சம் நின்றது ரீஸ்லிங். இரண்டும் வெள்ளைத் திராட்சை ஒயின். தோட்டத்திலிருந்து வந்திருந்ததே வகைக்கு ஒரு பாட்டில்தான். பதினொரு மணிக்கு முதலாளி இரண்டையும் சுவைத்துப் பார்த்து, மேட்டு நிலத்தில் எந்தத் திராட்சையை நடுவது என்று முடிவு செய்யப் போகிறார்.

கிளாஸ் கழுவுகிறவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது உடைசல். "இன்னொண்ணு உடைஞ்சா மறுநாள் வர வேண்டாம்" என்று சூப்பர்வைசர் போன மாதமே சொல்லியாகிவிட்டது.

வேலை போனால் வீட்டில் திட்டக்கூட ஆள் இல்லை. காலையில் எழுந்து போய் நிற்பதற்கென்று அவளுக்கு இருந்தது இந்தக் கழுவும் தொட்டி ஒன்றுதான்.

கண்ணாடியைக் கூட்டி அள்ளினாள். முழங்காலிட்டு, ஏப்ரன் நனையத் தரையைத் துடைத்தாள். ஆறு கிளாஸ் எடுத்து, மூன்றில் 'ஒன்று' என்றும் மூன்றில் 'இரண்டு' என்றும் சீட்டு ஒட்டினாள்.

ஆறிலும் ரீஸ்லிங்கையே ஊற்றினாள்.

முதலாளியை ஏமாற்றிவிடலாம். அவருடைய மருமகனை ஏமாற்ற ஒயினே வேண்டாம், வெந்நீர் போதும். பயமெல்லாம் நாக்கு ஐயாவிடம்தான்.

ஒயினைச் சுவைத்துச் சொல்வது அவருடைய உத்தியோகம். சொந்தப் பெயர் மறந்து, எல்லோருக்கும் அவர் நாக்கு ஐயா. ஆறு வருஷத்தில் அவளிடம் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "இந்தக் கிளாஸ்ல சோப்பு வாசனை வருதும்மா." கழுவிக் காயவைத்து மூன்று நாளான கிளாஸ் அது!

அன்றிலிருந்து அவர்மேல் அவளுக்கு ஒரு பக்தி. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் ஒருத்தர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார். தொட்டியோரம் தனியாக நின்று சாப்பிடும் மத்தியானங்களில் அந்த நினைப்பு அவளுக்கு ஒரு துணை மாதிரி.

தட்டை ஏந்தி மாடிக்குப் போய், குனிந்து, இரண்டு கிளாஸ்களை அவர் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

முதல் கிளாஸை முகர்ந்தார். ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். அடுத்தது இரண்டாவது.

கிளாஸைக் கீழே வைக்காமல் அப்படியே கையில் பிடித்திருந்தார்.

'தொலைஞ்சேன்' என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கய்யா," என்றார் முதலாளி.

"முதல்ல இருக்கிறது ரீஸ்லிங். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். புளிப்பு நல்லா நாக்கைச் சுண்டுது."

"ரெண்டாவது?"

அவர் கண்ணை மூடி, மூச்சை நிதானமாக இழுத்தார்.

"செனின். பேரிக்காய். அதுக்குப் பின்னால தேன். அப்புறம் லேசா மெழுகு, இப்பதான் அணைச்ச மெழுகுவத்தி மாதிரி."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அதேதான் மாமா! தேன் தூக்கலா இருக்கு," என்றார் மருமகன்.

"அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் உங்களுக்கு எப்பவும் வாசனை வரும் மாப்பிள்ளை," என்ற முதலாளி, தாமும் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆமா. தேன்தான்."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வரிசை சரியா சொல்லிட்டாரா?"

"சரிங்கய்யா," என்றாள்.

"அப்ப எதை நடலாம் ஐயா?" என்று முதலாளி மறுபடி அவரைக் கேட்டார்.

"இன்னிக்கு முடிவு வேண்டாம். வழியெல்லாம் குலுங்கி வந்த ஒயின், களைச்சுப் போயிருக்கு. தோட்டத்துக்குச் சொல்லி இன்னொரு ஜோடி வரவழைங்க. வியாழக்கிழமை பார்ப்போம்."

"அதுவும் சரிதான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

ஒரே பாட்டில்! அதில் ஒரு கிளாஸில் எலுமிச்சையாம், இன்னொன்றில் பேரிக்காயாம். போதாததற்கு மெழுகுவத்தி வேறு! கடைசியில் எது நல்லது என்று கேட்டால் வியாழக்கிழமையாம். இந்த ஆளையா ஆறு வருஷமாகத் தலையில் தூக்கி வைத்திருந்தோம்?

தப்பித்தது சந்தோஷமாக இல்லை. வேலை மிஞ்சிவிட்டது. துணைதான் போய்விட்டது.

பின்னால் செருப்புச் சத்தம். நாக்கு ஐயா. இந்த அறைக்கு அவர் இறங்கி வந்ததே இல்லை. கதவோரம் நின்று, சொல்லலாமா வேண்டாமா என்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

அவள் திரும்பவில்லை. தொட்டியிலிருந்த அழுக்குத் தண்ணீரைக் காட்டினாள்.

"என்னங்கய்யா, இதுலயும் தேன் வாசனை வருதுங்களா?"

"இல்லம்மா, அது உன் ஏப்ரன்ல வருது," என்றார் அவர். "நீ குனிஞ்சு கிளாஸ் வச்சப்பவே வந்துச்சு, பேரிக்காய், தேன், மெழுகு எல்லாம். அதை வச்சுத்தான் ரெண்டாவது கிளாஸுக்குச் சொன்னேன். அது கிடக்கட்டும், பாட்டில் உடைஞ்சதே, கையில எங்கயும் கீறிடலையே?"