மாத்திரைப் பை

"அண்ணி, மறுபடியும் ஜிப்பைத் திறக்காமலே சுத்தித் தச்சுட்டீங்க. இப்ப எப்படிப் பையைப் புரட்டுவீங்க?"

நாத்தனார் சொன்ன பிறகுதான் அவள் கவனித்தாள். மேல்துணியும் உள்துணியும் சேர்ந்து தைபட்டு, நடுவில் ஜிப் மூடிக் கிடந்தது. தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டே தைப்பீங்களே, இன்னைக்கு என்ன ஆச்சு?"

"பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன்."

"நான் இப்பத்தான் வாயே திறந்தேன்!"

உள்ளறையில் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. "ஆச்சா? வண்டி வந்துடும்" என்றான் கணவன்.

"அஞ்சு நிமிஷம்."

"கடையில வாங்கிக்கட்டும், விடுங்க அண்ணி."

"கடைப் பையில எல்லாம் ஒண்ணாக் கலந்துடும். மாத்திரை மாறினா வம்பு."

பாதி ஜிப்பைத் திறந்து வைத்துத் தைத்தாள். பையைப் புரட்டி, உள்துணியில் விட்டிருந்த இடைவெளியை அடைத்தாள். உள்ளே ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். பக்கத்துக்கு ஒரு சின்ன அறை.

வாசலில் ஹாரன் அடித்தது. கணவன் பெட்டியோடு போய் ஏறிக்கொண்டான். அவள் பையை அவனிடம் தரவில்லை. சுற்றிப் போய், வண்டி ஓட்டி வந்த பெண்ணிடம் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மஞ்சள் பக்கம் காலையில, நீலம் ராத்திரி. வெறும் வயித்துல கொடுத்துடாதே. அவரா எடுத்துப் போட்டுக்க மாட்டார்."

அந்தப் பெண் தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். வண்டி திரும்பித் தெருமுனையில் மறைந்தது.

விவாகரத்துத் தீர்ப்பு நேற்றுத்தான் வந்திருந்தது.

நாத்தனார் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள்.

"இனிமே உங்களை நான் என்னன்னு கூப்பிடுறது?"

"முதல்ல உள்ள வந்து கதவைச் சாத்து" என்றாள் அவள்.