சோத்தாங்கால்

பெரிய வியாழன் பூசையில், பாதம் கழுவும் சடங்குக்காகப் பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சில் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் சூசை.

சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, முத்தமிட்டு வந்தார்.

மூன்று வருஷம் அழைத்தும் வராத சூசை இந்த வருஷம்தான் ஒப்புக்கொண்டிருந்தான்.

பர்கூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை செய்தபோது, வாய்க்கு முன்னால் அவன் கால் பேசும் என்பார்கள். சோற்றுச் சட்டி, மேஸ்திரியின் சைக்கிள், எதையும் உதைக்காமல் விட்டதில்லை. நாற்பது தாண்டிய சூசையோ, அவரைக்கொடியில் வாய் வைக்கும் பக்கத்து வீட்டு ஆட்டைக்கூட அதட்டமாட்டான்.

கல்யாணம் அடக்கிவிட்டது என்றது ஊர். அந்தோணியார் அடக்கினார் என்றாள் அவன் மனைவி மேரிராணி. இரண்டையும் சூசை மறுத்ததில்லை.

பதினோராவது ஆள் யேசுராஜ். ஊன்றுகோலைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு இடது பாதத்தை நீட்டினான். அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். குவாரியில் கல் சரிந்து வலது கால் போய்ப் பதினாறு வருஷம்.

சாமியார் அதைக் கழுவி முத்தமிட்டார்.

பிறகு சூசையிடம் வந்தார்.

சூசையும் இடது காலை நீட்டினான்.

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். உபதேசியார் தூரத்திலிருந்து கையால் சைகை காட்டினார். பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

சூசைக்குச் சைகை புரிந்தது. வலது கால்தான் வரவில்லை.

அன்று குவாரியில் கல் தானாகச் சரியவில்லை.

சூசைக்கு யாரும் பெண் கொடுக்காததைக் கிண்டல் செய்துவிட்டு, யேசுராஜ் கீழே குனிந்து உளியை எடுத்தான். மேலே நின்ற சூசை ஒரு கல்லை உதைத்தான். பயமுறுத்தத்தான். அது இன்னொரு கல்லைத் தள்ளியது.

யேசுராஜ் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். பார்த்தவர் யாருமில்லை. தெரிந்த ஒரே ஆள், பாவசங்கீர்த்தனத்தில் அவன் பாவத்தைக் கேட்ட பழைய சாமியார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்படித்தான் சூசை இத்தனை நாள் நினைத்திருந்தான்.

பக்கத்திலிருந்து யேசுராஜ், தலையைத் திருப்பாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"சோத்தாங்காலையே நீட்டு சூசை. அது யாரையும் ஒதைச்சு வருசம் பதினாறாச்சு."

சூசை கண்ணை மூடிக்கொண்டு வலது காலை நீட்டினான். அதன்மேல் தண்ணீர் விழும்வரை கண்ணைத் திறக்கவில்லை.