சாணைக்கல்லில் மூக்கு

“காலரம்மா, இன்னைக்கும் நீங்களே வந்து படிங்க” என்றார் தையலைச் சரிபார்க்கும் செக்கிங் சார்.

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். நாற்பது பேர் தைக்கிற கூடத்தில், காலர் தைக்கிற இவளை விட்டால் இந்த மனிதருக்கு மூன்று வாரமாக வேறு ஆளே அகப்படவில்லையா?

முதலாளி ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து பிடித்த சனி இது. கடும் உழைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் வழங்கும் சொலவடை தினம் ஒன்று. அது எப்படிப் பிறந்தது, என்ன அர்த்தம் என்று ஆபீஸ் கிளார்க் கரும்பலகையில் தமிழில் எழுதிவைப்பார். மிஷின் ஓடும் முன் ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும்.

சார் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று பதினைந்து வருடமாகப் பெயரெடுத்தவர். தன் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

விஷயம் அவள் கண். கண்ணாடி போட்டாலும் தேறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். பார்வை குறைந்தவரை மிஷினில் உட்காரவைக்க மாட்டார்கள். அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு மிஷினால்தான்.

இதுவரை பக்கத்து மிஷின் காஜாக்காரி காப்பாற்றினாள். காலையிலேயே பலகையைப் படித்துக் காதில் ஓதிவிடுவாள். இவள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பாள். ‘முழங்கை மசகு’ வந்த அன்று கூடமே சிரித்தது. வேலைக்குப் புதிதாக வந்தவரை அதை வாங்கிவரச் சொல்லிக் கடை கடையாக அலையவிடுவார்களாம். எந்தக் கடையிலும் கிடைக்காத அந்த மசகுதான் உழைப்பு.

‘சாணைக்கல்லில் மூக்கு’ வந்த அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தி தீட்டுகிறவர்கள் குப்புறப் படுத்து, மூக்கு கல்லில் உரசும் அளவுக்குக் குனிந்து வேலை பார்த்ததால் வந்ததாம். ஊசியில் மூக்கு உரசத் தைப்பவள் இங்கே அவள் ஒருத்திதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அவள் கோணலாகத் தைத்த காலர்கள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சார் கட்டைவிரலால் தையலைத் தடவிவிட்டு எல்லாவற்றையும் பாஸ் பண்ணினார். எல்லாம் சேர்த்து ஒரே நாளில் மாட்டிவிடத்தான் இந்த நல்ல பிள்ளை வேஷம்.

அந்த நாள் வந்துவிட்டது. காஜாக்காரி இன்று லீவு.

பலகை முன்னால் போய் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் பட்டு அது வெறும் பளபளப்பாகத் தெரிந்தது. பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள்.

வருவது வரட்டும் என்று மனப்பாடமாக இருந்ததைத் தொடங்கினாள். சாணைக்கல், குப்புறப் படுத்தவர்கள், மூக்கு, தலை நிமிராமல் உழைப்பது என்ற அர்த்தம். சாரின் விரல் அவள் குரலோடு சேர்ந்து பலகையில் வரி வரியாக நகர்ந்தது.

முடித்தாள்.

“கிளார்க் போன வாரத்ததையே திரும்ப எழுதியிருக்காரு. ஆனா நீங்க ஒரு எழுத்து பிசகாம படிச்சீங்கம்மா” என்றார் சார்.

பிறகு பலகையின் ஓரத்தைத் தடவித் தடவித் துடைப்பானை எடுத்து நீட்டினார். அது அவள் கைக்கு வரவில்லை. அவளுக்கு ஒரு முழம் தள்ளி, காற்றில் நின்றது.

அந்தத் தடவல் அவளுக்குத் தெரியும். வீட்டில் தீப்பெட்டியை அவள் அப்படித்தான் தேடுகிறாள்.

துடைப்பானை வாங்கிக்கொண்டு பலகையில் கையை வைத்தாள். விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டவில்லை. மூக்கு உரசக் குனிந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள். வெறும் பலகை. கிளார்க்கும் இன்று வரவில்லை போலிருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் பலகையை மேலிருந்து கீழ்வரை, ஓர் எழுத்தைக்கூட விட்டுவிடாமல், நிதானமாகத் துடைத்தாள்.