சாத்துக்குடி மரம்

"வெட்டிடுங்க சார். இனிமே அது தேறாது."

மர டாக்டர் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் அந்த வீட்டு மருமகள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

நர்சரி வைத்திருப்பவர் அவர். பட்டுப்போகிற மரங்களைப் பார்த்து வைத்தியம் சொல்லப் போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று கூப்பிட்டவர் மாமனார்.

"என் சம்சாரம் வச்ச சாத்துக்குடி, தம்பி" என்று சட்டைப் பித்தானைப் போட்டபடியே வந்தார் பெரியவர். "நாலு வருஷத்துக்கு முன்னாடி கன்னு நட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவதான். திரும்பி வரல. இப்ப இதுவும் நுனியிலேர்ந்து காஞ்சுக்கிட்டே வருது. எப்படியாவது பொழைக்க வச்சிடுங்க."

"எதுக்கு மாமா வீண் சிரமம்? மண்ணையெல்லாம் தோண்டிப் போட்டு..."

"நீ சும்மா இரும்மா."

மர டாக்டருக்குச் சுருக்கென்றது. மாமியார் நினைவாக இருப்பது ஒரே ஒரு மரம். அதுகூடவா இவள் கண்ணை உறுத்துகிறது?

ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்தார். சந்தேகம் தீர இன்னொன்றையும் கசக்கினார். சாத்துக்குடியாவது ஒன்றாவது! இது சுத்த எலுமிச்சை.

சொல்ல வாயெடுத்தவர், மருமகளின் முகத்தைப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது.

"ஐயா, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?"

பெரியவர் பின்பக்கம் போனார். டாக்டர் அடிமரத்தைச் சுற்றித் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. நர்சரிப் பை! கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். வேர்கள் போக வழியில்லாமல் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன.

"பையோட நட்டது யாரும்மா?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"நான்தான் சார். அத்தை வச்ச கன்னு, அவங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போதே பட்டுப்போச்சு. அங்கேயும் இங்கேயும் அலைஞ்சதுல நான் தண்ணி ஊத்த மறந்துட்டேன். வந்து பார்த்தா அத்தை மனசு உடைஞ்சிடுமேன்னு, சாத்துக்குடி கிடைக்காம, அதே உயரத்துல எலுமிச்சை ஒண்ணு வாங்கி அவசர அவசரமா வச்சேன். அத்தை வரல. மாமா மட்டும் வந்து அதைத் தடவித் தடவி அழுதாரு. அப்புறம் எந்த வாயால சொல்றது? தோண்டினா தெரிஞ்சிடுமேன்னுதான் வெட்டச் சொன்னேன்."

இவளையா அப்படி நினைத்தோம் என்று டாக்டர் கூசிப்போனார். மளமளவென்று பையை அறுத்தெடுத்துச் சுருட்டி, தன் பைக்குள் திணித்துக்கொண்டார்.

பெரியவர் வாளியோடு வந்தார்.

"வேர் நெருக்கிக்கிட்டு இருந்துச்சு ஐயா. சரி பண்ணிட்டேன். துளிர் விட்டுடும்."

வாசல் கேட் வரை கூடவே வந்தார் பெரியவர்.

"இலையைக் கசக்கிப் பார்த்தீங்களே, என்ன மரம் தம்பி அது?"

"சாத்துக்குடிதான் ஐயா. சந்தேகமே இல்ல."

பெரியவர் சிரித்துவிட்டார். "நீங்களும் அவ கட்சியில சேர்ந்துட்டீங்களா? நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கே கசக்கிப் பார்த்துட்டேன். எலுமிச்சை."

"அப்புறம் எதுக்கு ஐயா இதுக்காக இப்படித் துடிக்கிறீங்க?"

"சம்சாரம் வச்சது அப்பவே போயிடுச்சு. இது எங்க மனசு உடையக்கூடாதுன்னு என் மருமக வச்ச மரம் தம்பி. இதைச் சாக விடுவேனா?"