உசுரே போனாலும்

திண்டிவனத்தில் அந்த வாக்குச்சாவடியின் பெண்கள் வரிசை நகரவே இல்லை. அஸ்வினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல விலகினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" முன்னால் நின்ற வயதான அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல கைக்கொழந்த அழுவும்மா. என் ஒரு ஓட்டுல என்னா ஆயிடப் போவுது?"

"இப்படியே எல்லாரும் பேசிக்கினு போனா நாடு எப்படி உருப்படும்? ரேஷன் அரிசி வாங்க மட்டும் ஜல்தியா ஓடுறீங்க, ஓட்டுப் போட வலிக்குதா? உரிமைன்னா என்னான்னு தெரியுமா உனக்கு? உசுரே போனாலும் ஓட்டப் போட்டுட்டுத்தான் போவணும். நில்லு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. வெட்கிப்போன அஸ்வினி மறுபடியும் அவள் பின்னால் வந்து நின்றாள்.

ஒருவழியாக இருவரும் உள்ளே போனார்கள். அந்த அம்மாள் பூத் சிலிப்பை நீட்டினாள். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காத அதிகாரி, கட்சி ஏஜெண்டுகளின் காதில் விழும்படி உரக்க வாசித்தார்.

"ஞானசௌந்தரி. கணவர் பெயர் மாசிலாமணி. கோயில் தெரு."

"நான்தாங்க சார்."

ஏஜெண்டுகள் தலையாட்டினார்கள். மைக்குச்சி விரலை நெருங்கியது.

"அத்தே!"

அஸ்வினி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"போன தை மாசந்தான உங்களக் கல்லறையில வச்சிட்டு வந்தோம்? உசுரு போயும் ஓட்டுப் போட வந்துட்டீங்களே அத்தே! மாமா ஆம்பளைங்க வரிசையிலதான் நிக்கிறாரு. கூப்புடட்டுமா?"