நீல மீனுக்குள் பால்கோவா

ராயபுரத்துத் தெருவுக்குள் கேரல் கோஷ்டி நுழைந்ததும், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தாவை மெர்லின் ஓரமாக இழுத்தாள். வருஷா வருஷம் அந்த வேஷம் ஜெரிக்குத்தான்.

பிள்ளைகளுக்கு அவள் மடித்த காகித மீன்களுக்குள் மிட்டாய். அவனுக்கான நீல மீனுக்குள் மட்டும் பால்கோவா.

"உனக்கோசரம் செஞ்சேன் ஜெரி. எங்கப்பா ஹார்பர்லேர்ந்து வர்றதுக்குள்ள துன்னுடு. சுகர்னு அம்மா அவருக்கு ஸ்வீட்டே காட்றதில்ல. பாத்தாருன்னா மீனோட முழுங்கிடுவாரு."

தாத்தா மீனைக் கிழித்து, முகமூடிக்கு அடியில் அவசரமாகத் தள்ளிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கோஷ்டிக்குப் பின்னாலிருந்து டிரம் அடித்தபடி வந்தான் ஜெரி.

மெர்லின் சட்டென்று தாத்தா பக்கம் திரும்பினாள். முகமூடி மெல்ல மேலே போனது. உள்ளே அப்பா, வாயெல்லாம் பால்கோவா.

"இவன் மேட்டர உங்கம்மாவாண்ட நான் சொல்ல மாட்டேன்," என்றார். "பால்கோவா மேட்டர நீ சொல்லாத. இன்னா?"